ஆற்றில் தண்ணீர் வந்தது, கரண்ட் பில்லும் ஏறியது

சிங்கப்பூரில் செப்டம்பர் பள்ளி விடுமுறை ஒரு வாரம்தான். அந்த ஒரு வாரத்துக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போவது வீண் செலவு என்று வீட்டில் வருடா வருடம் பேச்சு வரும், வருடா வருடம் போவோம். இந்த முறை, 2025-இல், திருச்சியில் இறங்கி வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி. காபி கொடுத்த கையோடு அம்மா செல்போனை நீட்டினார். “தம்பி, இதப் பாரு. ஈபிலேந்து வந்திருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல.”

860 யூனிட். ஐந்தாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி வந்திருந்தது. அம்மா தனியாக இருக்கும் வீடு அது. இரண்டு மாதத்துக்கு 310 யூனிட் அளவில்தான் ஓடும், எழுநூற்றைம்பது ரூபாயோடு முடிந்துவிடும். யூனிட் மூன்று மடங்குகூட ஆகவில்லை, பணம் ஏழு மடங்காகிவிட்டது. நம் ஊர்க் கணக்கு அப்படி. அப்போது முதல் 100 யூனிட் இலவசம், 500 வரைக்கும் ஓரளவு சலுகை. 500-ஐத் தாண்டினால் சலுகையில் ஒரு பகுதி போய்விடும், மேலே போகப் போக ஒவ்வொரு படிக்கும் விலை கூடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 501-வது யூனிட்டே எட்டு ரூபாய், 800-க்கு மேல் பத்து ரூபாய். அதற்குப் பிறகும் கொஞ்சம் ஏறியிருக்கிறது.

கேள்விப்பட்டவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஃபிரிட்ஜ் பழசு என்றார் சித்தப்பா. ரீடிங் எடுப்பவர் நாள் தள்ளி வந்திருப்பார், அதனால் படி மாறியிருக்கும் என்றார் எதிர்வீட்டுக்காரர். அது நடக்கக்கூடியதுதான், ஆனால் தேதியைப் பார்த்தேன், சரியாக 61 நாள். மாடியில் நான் போட்டுவைத்த ஏசியைத்தான் எல்லோரும் ஒருமுறையாவது அண்ணாந்து பார்த்தார்கள். நாங்கள் வராத நாளில் அதன் ரிமோட் எங்கே இருக்கிறது என்றுகூட அம்மாவுக்குத் தெரியாது. மீட்டரே கோளாறு என்பது என் கட்சி.

மறுநாள் காலை ஈபி ஆபீசுக்குப் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன், தேவைப்படவில்லை. மீட்டர் மேல் சந்தேகம் என்றால் பணம் கட்டி டெஸ்டுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்றார் அங்கிருந்தவர். எழுந்து வரும்போது கூப்பிட்டு, “சார், அதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. மீட்டர்ல எர்த்துன்னு ஒரு சின்ன லைட் இருக்கும். அது எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா மீட்டர குத்தம் சொல்லாதீங்க, எலக்ட்ரீஷியனக் கூப்பிடுங்க” என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அதுதான்.

எரிந்தது. திண்ணை ஓரத்து மீட்டர் பெட்டிக்குள், ஒட்டடைக்கு நடுவில், மிளகு அளவில் ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. மீட்டர் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்று போட்டிருந்தது, அதாவது 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். வீட்டில் இருந்த எல்லா சுவிட்சையும் அணைத்தேன், ஃபிரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கினேன். அப்படியும் மூன்று வினாடிக்கு ஒருமுறை மின்னியது. மணிக்கு 1200 துடிப்பு, நாளைக்கு ஒன்பது யூனிட், இரண்டு மாதத்துக்கு 540. சிலேட்டில் என் மகள் போட்ட கணக்கு அது. வழக்கமான 310-ஐ அதோடு கூட்டினால் பில்லில் இருந்த எண்ணுக்குப் பத்து யூனிட்தான் குறைந்தது. மெயினை அணைத்தவுடன் மின்னுவது நின்றுவிட்டது. மீட்டர் யோக்கியம். என் கட்சி அங்கேயே கலைந்தது.

எலக்ட்ரீஷியன் மூன்று முறை “இதோ கெளம்பிட்டேண்ணே” சொல்லி, சாயங்காலம் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். தாமதத்தை மன்னிக்கலாம் என்கிற அளவுக்குக் கைவேலை சுத்தம். ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டரின் வாய்க்குள், கரண்டைக் கொண்டுவரும் பேஸ், திரும்ப எடுத்துப்போகும் நியூட்ரல் இரண்டு ஒயரையும் சேர்த்து விட்டார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருந்தால் சைபர் காட்ட வேண்டும். 1.6 ஆம்பியர் காட்டியது. “அவ்வளவும் மண்ணுக்குப் போவுதுண்ணே” என்றார். இந்தக் காலத்து மீட்டர் இரண்டு ஒயரையும் அளந்து, எதில் அதிகமோ அதற்குக் கணக்குப் போடும். அதனால் மண்ணுக்குப் போனாலும் காசு நம்முடையதுதான்.

பியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அடுப்படி, கூடம், மாடி, எதற்கும் அசையவில்லை. கொல்லைப்பக்கத்து போர்வெல் மோட்டாருக்குப் போகும் பியூஸை எடுத்ததும் எர்த் லைட் அணைந்தது.

“மோட்டார் ஓடலையே, ஆஃப்லதானே இருக்கு?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். முன்பு எப்போதோ வேலை பார்த்தவர் பேஸில் வர வேண்டிய சுவிட்சை நியூட்ரலில் போட்டிருக்கிறார். அணைத்தால் மோட்டார் நிற்கும், ஆனால் கிணற்றுக்குள் போகும் கேபிளில் இருபத்துநாலு மணி நேரமும் கரண்ட் நிற்கும். ஐந்து வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் ஏன் இந்த பில்லில் மட்டும்? அதற்குப் பதில் மறுநாள் போர்க்காரர்கள் வந்து மோட்டாரை மேலே இழுத்தபோது கிடைத்தது. நான்கு பேர், கருப்பு ஓஸ், நைலான் கயிறு, ஏலேலோ இல்லாத குறைதான். முப்பது அடி மட்டத்தில் இருந்த ஒரு ஜாயின்ட் மேலே வந்தது. கேபிள் பத்தாமல் முன்பு ஒட்டுப்போட்ட இடம். டேப் உரிந்து தொங்க, உள்ளே செம்புக் கம்பி பாசி பிடித்த மாதிரிப் பச்சையாகத் தெரிந்தது. கோடையில் எங்கள் போரில் தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே போய்விடும். அப்போது அந்த ஜாயின்ட் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும், ஒன்றும் ஆகாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்கள். கல்லணை தாண்டி, குடமுருட்டியில் தண்ணீர் வந்து, வாய்க்காலெல்லாம் ஓடி, நிலத்தடி நீர் இருபது அடிக்கு ஏறிவிட்டது. ஜாயின்ட் முழுகிவிட்டது. மற்ற வருடங்களிலும் முழுகியிருக்கும்தான், அப்போது டேப் நன்றாக இருந்திருக்கிறது.

“எங்க ஆளுங்களுக்கு ஆத்துல தண்ணி வந்தா சந்தோஷம். ஒங்க மீட்டருக்கும் சந்தோஷம்தான்” என்றார் போர்க்காரர்களில் மூத்தவர்.

எலக்ட்ரீஷியன் கேபிளைச் சுருட்டிக்கொண்டே அம்மாவிடம் சாதாரணமாகக் கேட்டார்: “ஏம்மா, கொல்லப் பைப்புல கை வச்சா சுர்ருன்னு இருக்குமா?”

“ஆடிலேந்து இருக்கே. ஈரக் கையோட தொட்டா வெரல்லேந்து முழங்கை வரைக்கும் இழுக்கும். நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சு டாக்டர்ட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிடுறேன்.”

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. வாராவாரம் வீடியோ காலில் என்னிடமும் சொல்லியிருக்கிறார், கை சுர்ருங்குது என்று. நானும் “மாத்திரையை விடாம சாப்பிடும்மா” என்றுதான் சொல்லியிருக்கிறேன். பில் ஏறாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் அந்தக் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்திருப்பாரோ.

அன்றைக்கே நடுவில் ஒட்டில்லாத புதுக் கேபிள் இறக்கினோம், சுவிட்சை மாற்றி இரண்டு ஒயரையும் ஒன்றாக வெட்டுகிற மாதிரி போட்டோம், மீட்டருக்குப் பக்கத்தில், கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பை வெட்டும் ஆர்சிசிபி ஒன்றை மாட்டினோம். இரண்டாயிரத்துச் சொச்சம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும். எங்கள் வீட்டில் கசிந்தது 1600. சிங்கப்பூரில் இது இல்லாமல் வீடே இருக்கக்கூடாது என்று சட்டம். அங்கே என் வீட்டில் மாதம் ஒருமுறை அதன் பட்டனை அமுக்கிப் பார்ப்பவன் நான். ஊர் வீட்டுக்கு ஏசி வாங்கத் தோன்றியது, இது தோன்றவில்லை.

பில்லைக் குறைக்க முடியுமா என்று ஈபியில் மறுபடி கேட்டுப் பார்த்தேன். “ஓடினது ஓடினதுதானே சார்” என்றார் அதே மனிதர். நியாயம்தான். டீக்கடை வாசலில் நின்றபடி போனிலேயே கட்டினேன்.

சிங்கப்பூர் திரும்பிய பிறகு அக்டோபர் கடைசியில் அடுத்த ரீடிங் வந்தது. கேபிள் மாற்றுவதற்கு முந்தைய நாட்களையும் சேர்த்து 400-க்குள் அடங்கிவிட்டது. குழாய் சுர்ருங்கவில்லை என்று அம்மாவும் சொன்னார். அப்புறம் எதற்கு மாத்திரை என்று கேட்டேன். இன்னும் ஒரு அட்டை மிச்சம் இருக்கிறதாம், காசு கொடுத்து வாங்கியதாம்.