தண்டலா, கார்ப்பரேஷன் லோனா? கடை மூடிய நாளின் கணக்கு

போன வாரம் எங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்கா கேட்டார். "கொரோனா டைம்ல உங்க அம்மா கார்ப்பரேஷன் லோன் வாங்கினாங்களே, அது தேவலையா, தண்டலே தேவலையா?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. தனியாரிடம் வாங்கித் தினமும் கட்டுகிற தண்டல், வங்கியில் மாதாமாதம் கட்டுகிற கார்ப்பரேஷன் லோன், இரண்டையும் அடுத்தடுத்து வாங்கிக் கட்டிய வீடு எங்களுடையது. கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சூளைமேட்டில் தள்ளுவண்டிக் கடை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அடுப்புப் பற்றவைத்தால் பத்து மணி வரை இட்லி, கல்தோசை. கணக்கு, விண்ணப்பம், போன் எல்லாம் என் பொறுப்பு. என் ஓட்டு கார்ப்பரேஷன் வழியாக வந்த கடனுக்குத்தான். ஆனால் தண்டலை ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன்.

தண்டலின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரியும். காலையில் கேட்டால் மாலையில் காசு. ஆதார் வேண்டாம், ஓடிபி வேண்டாம், கியூ வேண்டாம். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். வட்டி வெறும் 1,500 என்றுதான் தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பப் போய்க்கொண்டிருப்பதால், வருடக் கணக்கில் போட்டால் அது 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். இதுவும் பழைய கதைதான். தெரிந்தேதான் எல்லோரும் வாங்குகிறோம். கமர்ஷியல் சிலிண்டர் பாதி மாவில் தீர்ந்துபோகும்போது யாரும் வட்டி விகிதம் பார்ப்பதில்லை.

இன்னொரு பக்கம் பி.எம். ஸ்வநிதி. தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூன் 1 அன்று மத்திய அரசு தொடங்கிய கடன் திட்டம். எங்கள் பக்கம் எல்லோரும் "கார்ப்பரேஷன் லோன்" என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் நீ தெருவில் கடை போடுகிற ஆள்தான் என்று சொல்ல வேண்டியது மாநகராட்சி. பணம் தருவது வங்கி. அப்போது முதல் கடன் 10,000 ரூபாய் வரை, ஒரு வருடத்தில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும், ஈடு எதுவும் கிடையாது. ஒழுங்காகக் கட்டினால் வருடத்துக்கு 7 சதவீத வட்டி மானியமாகக் கணக்கில் திரும்ப வரும். 2020 மார்ச் 24க்கு முன்பிருந்தே கடை போட்டவராக இருக்க வேண்டும் என்பது அன்றைய நிபந்தனை.

வட்டியை விடுங்கள். அதில் எது மலிவு என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். கடையைத் திறக்க முடியாத நாளில் கடன் என்ன செய்கிறது என்று பாருங்கள். எங்களுக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான்.

2020 பிப்ரவரி 10 அன்று அம்மா ஒரு தண்டல் எடுத்திருந்தார். மார்ச் 23 வரை 43 நாள் கட்டியாயிற்று. மறுநாள் மாலையோடு ஊரே அடங்கியது. பாக்கி 5,700. ஏப்ரல் முழுக்க வண்டி தார்ப்பாய் போர்த்தி வாசலில் நின்றது. ரேஷன் கார்டுக்கு வந்த 1,000 ரூபாயும் ரேஷன் அரிசியும்தான் வீட்டை ஓட்டின. மே கடைசியில் பார்சல் மட்டும் போடலாம் என்று கிளம்பியபோது அரிசி உளுந்து வாங்கக் காசில்லை. தண்டல்காரத் தம்பி வந்தார். கெட்டவர் இல்லை, ஒரு வார்த்தை கத்தவில்லை. "அக்கா, புது அட்டை போட்டுக்கலாம்" என்றார். அதாவது புதுக் கடன், 10,000. பிடித்தம் 1,500, பழைய பாக்கி 5,700. அம்மா கையில் வைத்தது 2,800 ரூபாய். அந்த 2,800க்காக அடுத்த நூறு நாள் தினம் 100.

மே 25லிருந்து 25 நாள் கட்டினோம். ஜூன் 19 அன்று சென்னைக்கும் சுற்றுப்புற மாவட்டங்களுக்கும் மறுபடி முழு ஊரடங்கு. சென்னையில் அது ஜூலை 5 வரை நீண்டது. 17 நாள், 1,700 ரூபாய். கடை திறந்ததும் விட்டுப்போன நாளுக்கும் சேர்த்துத் தினம் 200 என்று 17 நாள் வாங்கினார். வியாபாரம் பாதியாகிவிட்ட சமயத்தில் தவணை இரண்டு மடங்கு. அந்த நாட்களில் அம்மா எட்டு மணிக்கே கல்லாப் பெட்டியில் இரண்டு நூறு ரூபாய் நோட்டைத் தனியே மடித்து எண்ணெய் டப்பாவுக்கு அடியில் செருகிவிடுவார். அதற்குப் பிறகு விற்பதுதான் எங்களுக்கு. சில நாள் எட்டு மணிக்கு மேல் ஆளே வராது. செப்டம்பர் 1ஆம் தேதிதான் அந்த அட்டை முடிந்தது.

கார்ப்பரேஷன் லோனுக்கு ஆகஸ்டிலேயே ஓட ஆரம்பித்துவிட்டேன். மாநகராட்சி ஏற்கெனவே எடுத்திருந்த கணக்கெடுப்பில் அம்மா பெயர் இல்லை. பெயர் இருந்தால் அடையாள அட்டை, இல்லாவிட்டால் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். வண்டியோடு அம்மா நிற்கிற போட்டோ, ஆதார், வாக்காளர் அட்டை எல்லாம் கொடுத்தோம். ஆதாரில் இருந்த போன் நம்பர் எப்போதோ தூக்கிப்போட்ட சிம். அதை மாற்றவே இரண்டு நாள் கடையடைப்பு. கடிதம் வந்தது. அப்புறம் ஒரு வங்கிக் கிளையில் மூன்று தடவை "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். அவசரத் தேவைக்கு இந்தக் கடன் உதவாது என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். அக்டோபரில் பணம் ஏறியது. வண்டிக்கு ஒரு சக்கரம், ஒரு மூட்டை இட்லி அரிசி, உளுந்து, ஒரு சிலிண்டர், மிச்சம் கையிருப்பு. 10,000 என்று எழுதி முழு 10,000ஐயும் கையில் வாங்கியது அம்மாவுக்கு அதுதான் முதல் தடவை.

எங்களுக்கு 12 சதவீதம் போட்டார்கள். மாதத் தவணை 888 ரூபாய். நாளுக்கு 30 ரூபாய் என்று உண்டியலில் போட்டு வந்தோம், அதாவது ஒரு செட் இட்லி விலை. பன்னிரண்டு மாத வட்டி மொத்தம் 660 சொச்சம், அதில் பாதிக்கு மேல் மானியமாகத் திரும்பியது.

2021 மே வந்தது, இரண்டாவது அலை. மே 10 முதல் ஊரடங்கு, 24 முதல் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு. காய்கறிகூட வண்டியில்தான் தெருவுக்கு வந்தது. போன வருடத்து 17 நாளை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. மே தவணை கட்டவில்லை. ஜூனும் கட்டவில்லை. யாரும் வாசலுக்கு வரவில்லை. வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது, ஒரு தடவை போன் வந்தது, அவ்வளவுதான். தவணை தவறி 90 நாள் தாண்டினால்தான் அதை வாராக்கடன் என்று எழுதுவார்கள். அதற்குள் கட்டிவிட்டால் மானியமும் கைவிட்டுப் போகாது. ஜூலை 10க்குள் மூன்று தவணையையும் சேர்த்து 2,664 ரூபாய் கட்டினோம். கூடுதலாகக் கொஞ்சம் வட்டி பிடித்தார்கள். அரிசி கார்டுக்கு இரண்டு தடவையாக வந்த 4,000 ரூபாயில் ஒரு பங்கு இதற்குப் போனது. புது அட்டை இல்லை, இரட்டைத் தவணை இல்லை, எட்டு மணி நோட்டு இல்லை.

ஒரு மாதம் கடை மூடினால் தண்டலில் முப்பது தவணை தவறுகிறது, இதில் ஒன்று. பூக்கார அக்காவுக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான். கொரோனா போய்விட்டதே என்று இதை ஒதுக்க முடியாது. டிசம்பர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போதும், அம்மா காய்ச்சலில் படுக்கும்போதும் அதே கணக்குதான்.

இந்தக் கடன் வாங்கியவர்கள் கியூஆரில் பணம் வாங்கினால் கிடைக்கும் கேஷ்பேக் பற்றி நிறையப் பேசுவார்கள். எங்களுக்கு அது பெரிதாக வரவில்லை. அப்போதைய விதிப்படி 25 ரூபாய்க்குக் குறைந்த பரிமாற்றம் கணக்கிலேயே வராது. மாதம் 50 பரிமாற்றம் தாண்டினால் 50 ரூபாய், 200 தாண்டினால் 100 ரூபாய். எங்கள் கியூஆர் ஸ்டிக்கர் இட்லிக் குண்டான் ஆவியில் இரண்டு தடவை உரிந்து வந்தது. கடைசியில் பிளாஸ்டிக் உறை போட்டுக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். ஆபீஸ் ஆட்கள் வரும் இடமாக இருந்தால் முழுதாகக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

மகளிர் குழுக் கடன் மூன்றாவது வழி. அதை நாங்கள் எடுத்ததில்லை, அதனால் ரொம்பப் பேச மாட்டேன். அம்மாவின் தோழி ஒருவர் அதில்தான் தையல் மிஷின் வாங்கினார், நன்றாகவே இருக்கிறார். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்ற பயத்தில்தான் அம்மா சேரவில்லை. நல்ல குழு அமைந்தால் இதைவிட அதுவே மேலாக இருக்கலாம்.

கார்ப்பரேஷன் லோனை இவ்வளவு தூக்கிப் பேசினாலும் ஒன்றை மறைக்க மாட்டேன். கடை மூடியிருந்தபோது எங்களுக்குச் சோறு போட்டது கடன் இல்லை. திருப்பிக் கேட்காத 1,000மும் 4,000மும், அம்மா உணவகத்தில் அப்போது இலவசமாகப் போட்ட சாப்பாடும்தான். கோயம்பேடு மூடியபோது மொத்த வியாபாரிகளுக்குத் திருமழிசையில் உடனே இடம் போட்டுக் கொடுத்தார்கள், 2020 மே முதல் செப்டம்பர் வரை அங்கேதான் காய்கறி மொத்த வியாபாரம். தள்ளுவண்டிக்கு அப்படி ஒரு மாற்று இடத்தை யாரும் யோசிக்கவில்லை என்பது என் மனக்குறை. அகலமான மைதானத்தில் பத்தடிக்கு ஒரு வண்டி என்று நிறுத்தியிருந்தால் ஜூலையிலேயே தலைநிமிர்ந்திருப்போம். கடன் என்பது கடை திறந்த பிறகு உதவுகிற சமாச்சாரம்.

அம்மா அடுத்து 20,000 எடுத்தார், பதினெட்டு மாதத் தவணை. 2025இல் திட்டத்தை மாற்றி நீட்டித்து, முதல் கடனை 15,000, இரண்டாவதை 25,000 என்று உயர்த்தியிருக்கிறார்கள். மூன்றாவது பழையபடி 50,000. பூக்கார அக்காவுக்கு முதல் கடனே போதும், ஆடியில் வியாபாரம் படுத்துவிடும் என்பதால் அதற்குள் கையில் காசு வேண்டும் என்கிறார். அவர் ஆதாரில் இருப்பதும் மகன் பயன்படுத்துகிற நம்பர். திங்கட்கிழமை காலை அதை மாற்ற நானும் கூடப் போகிறேன். ஏற்கெனவே ஓடுகிற தண்டலில் இன்னும் 31 நாள் பாக்கி இருக்கிறதாம். அது முடிகிறவரை புது அட்டை போட வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.