கார்ட்னர், வால்வோ, ஸ்கேனியா, டாய்ட்ஸ்: நடுவழியில் படுக்காத வண்டி எது?

"அந்தக் காலத்து லாரி படுக்கவே படுக்காது" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். படுத்தது, நன்றாகவே படுத்தது. 1970-களில் லண்டனில் லோடு ஏற்றி டெஹ்ரான் வரை, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார்களே, அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்த வண்டிக்கு எவ்வளவு தெம்பு என்று தெரியும். கிழக்குத் துருக்கியின் தாஹிர் கணவாயில் குளிர்காலத்தில் டீசலே மெழுகாகக் கட்டிக்கொள்ளும். டேங்குக்கு அடியில் தீ மூட்டி இளக்கித்தான் வண்டியைக் கிளப்புவார்கள்.

கெடாத இன்ஜின் என்று மட்டும் கேட்டால் பிரிட்டிஷ் கார்ட்னர் 6எல்எக்ஸ்பி-தான். சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 10.45 லிட்டர், 180 குதிரைத்திறன், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கிடையாது. கொள்ளளவில் லிட்டருக்குச் சுமார் 17 குதிரை மட்டுமே கேட்கிற இன்ஜின் எதற்குக் கெடப்போகிறது? டீசலும் கம்மியாகவே குடிக்கும். ஆனால் 32 டன் பாரத்தோடு மலை ஏறினால் பின்னால் வருகிறவன் சாபம் விடுவான்.

வால்வோ எஃப்88 வந்தது 1965-ல். 9.6 லிட்டர் டர்போ இன்ஜின், முன்பக்கம் கவிழ்க்கிற கேபின். கேபினைக் கவிழ்த்தால் இன்ஜின் முழுக்கக் கண்ணெதிரே. கைக்கு எட்டினால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரி. இதிலேயே குதிரைத்திறனை வைத்து 240, 290 என்று இரண்டு உண்டு. பெரிய 12 லிட்டர் எஃப்89-ல் இன்ஜினைச் சாய்த்து வைத்ததால் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு இடமில்லை. அதனால் பிரிட்டனுக்கு எஃப்88-290 கிடைத்தது. லிட்டருக்கு 30 குதிரை, அதே சின்ன இன்ஜினைப் பிழிந்து எடுத்தது. எனக்கு அந்த 240 வண்டியின் மேல்தான் நம்பிக்கை.

ஸ்கேனியா 140 வேறு வழியில் போனது. 1969-ல் 14.2 லிட்டர் வி8, 350 குதிரை. அப்போது ஐரோப்பாவிலேயே பெரிய சக்தி. மற்ற வண்டி மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் இது சுற்றைக் கூட்டாமல் இழுத்துக்கொண்டு போகும். சிலிண்டருக்கு ஒரு ஹெட், அதாவது மேல்மூடி, தனித்தனி. ஒன்றில் கோளாறு என்றால் அதை மட்டும் கழற்றினால் போதும்.

இதற்கு நேர் எதிர் லேலண்ட் 500 வரிசை. ஹெட்டையும், சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கையும் ஒரே வார்ப்பாக ஊற்றிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டே இல்லை, அப்புறம் கேஸ்கெட் எப்படிப் போகும் என்பது கணக்கு. காகிதத்தில் சரிதான். ஆனால் ஒரு வால்வைத் தொட வேண்டுமென்றாலும் அடிப்பக்கம் பிரித்து, பிஸ்டனை எல்லாம் வெளியே எடுக்க வேண்டும். நடுக்காட்டில் யார் செய்வது? அதே குழுமத்தின் ஏஇசி வி8-ம் சூடாகிப் பெயரைக் கெடுத்துக்கொண்டது. அதில் லிட்டருக்கு 20 குதிரைதான். ஆக, குறைவாக வேலை வாங்கினால் மட்டும் இன்ஜின் நிலைத்துவிடாது.

மாகிரஸ்-டாய்ட்ஸ் காற்றில் குளிரும் இன்ஜின். தண்ணீரே இல்லை, உறையவும் கொதிக்கவும் ரேடியேட்டர் கிடையாது. 1970-களின் நடுவில் சைபீரியாவின் பைக்கால்-அமூர் ரயில்பாதை வேலைக்குச் சோவியத் யூனியன் இந்த வண்டிகளை ஆயிரக்கணக்கில் வாங்கியது. சிரமம் வேறு இடத்தில்: இன்ஜினில் வெந்நீர் இல்லாததால் கேபினைச் சூடாக்கத் தனி ஹீட்டர் வேண்டும், சத்தம் காதைத் துளைக்கும், சிலிண்டரின் துடுப்புகளில் எண்ணெயும் தூசியும் அப்பிக்கொண்டால் அந்தச் சிலிண்டர் வெந்துபோகும்.

டெஹ்ரானுக்கு ஒரு வண்டி எடு என்றால் எஃப்88-240-தான் எடுப்பேன். டீசல் காசு வேறு யாராவது போடுவதாக இருந்தால் ஸ்கேனியாவை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.