பிரிவுக்கு நிறமா, கிணற்றுக்குப் புள்ளியா?

மலேரியா வரைபடத்துக்கு இரண்டு வழி. கிராம சேவையாளர் பிரிவுவாரியாக எண்ணி நிறம் தீட்டுவது சுலபம். ஆனால் நுளம்புக்கு எல்லை தெரியுமா? ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் சிவப்பு, அந்தப் பக்கம் பச்சை!

மற்றது கிரிகிங் என்ற புள்ளியியல் முறை. ஜிபிஎஸ்ஸால் இடம் குறித்து அளந்த புள்ளிகளுக்கு இடைப்பட்ட இடங்களை, அருகிலுள்ளவை ஒத்திருக்கும் என்று வைத்துக் கணிக்கும். கணிப்பு எவ்வளவு பிசகலாம் என்றும் சொல்லும். புள்ளி குறைந்தால் தடுமாறும்.

சரி, யாழ்ப்பாணத்துக்கு எது? 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடானது. வெளிநாட்டில் தொற்றி வருவோரை எண்ணி நிறம் தீட்டுவதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே ஆண்டு மன்னாரில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி நுளம்பு அகப்பட்டது. கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும் சாதி. ஆகவே கிணற்றிலுள்ள நுளம்புக் குடம்பிக்குத்தான் புள்ளி வைப்பேன். வளவுக்கொரு கிணறுள்ள ஊரில் புள்ளிக்குப் பஞ்சமில்லை. வாளி விட்டுப் பார்க்க ஆள்தான் வேண்டும்.