குளிர்காலத்தில் ஷோ கன்றின் முடி: தினமும் அலசுவதா, உலர் முறையா?

அமெரிக்காவின் டென்வரில் ஜனவரிதோறும் நடக்கும் நேஷனல் வெஸ்டர்ன் ஸ்டாக் ஷோ போன்ற கால்நடைக் கண்காட்சிகளுக்கு ஆங்கஸ், ஹெரிஃபோர்ட், ஷார்ட்ஹார்ன் போன்ற மாட்டினக் கன்றுகளை முடி வளர்த்து, நிமிர்த்திச் சீவித் தயார் செய்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி கன்றைத் தினமும் தண்ணீரில் அலசி, புளோயர் (காற்று ஊதும் கருவி) வைத்துக் காயவைக்கும். இன்னொரு கட்சி புளோயர், பிரஷ், ஒரு ஸ்பிரே பாட்டிலோடு வேலையை முடித்துக்கொண்டு, முழுக் குளியலை வெயில் அடிக்கும் நாளுக்குத் தள்ளிவைக்கும். அயோவா, நெப்ராஸ்கா மாதிரி தண்ணீர் உறையும் ஊரில், சூடேற்றிய கழுவும் அறை இல்லாத கொட்டகைக்கு நான் எடுத்தது இரண்டாவது முறைதான். ஹூஸ்டன் போல ஸ்டீர்களின் (காயடித்த காளைகளின்) முடியைக் கால் அங்குலத்துக்குள் மழித்துக் கொண்டுவரச் சொல்லும் இடங்களுக்கு இந்த வழக்கே கிடையாது.

அலசும் முறைக்கு நியாயமான காரணம் இருக்கிறது. முடி நனையும்போது அதிலுள்ள கெரட்டின் புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும். காயும்போது எந்தத் திசையில் பிடித்திருக்கிறோமோ அந்தத் திசையிலேயே இறுகும். முன்னோக்கியும் மேல்நோக்கியும் சீவிக்கொண்டே காயவைத்தால் முடி நிமிர்ந்து நிற்கப் பழகுவது இதனால்தான். தூசியும் முழுதாகப் போய்விடும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் முடி அடர்த்தியாக வளரும் என்றும் சொல்வார்கள். ஆனால் குளிர்கால முடியை முதலில் முடிவு செய்வது பகல் நேரத்தின் நீளம், வெப்பநிலை அதற்கு அடுத்துத்தான். டிசம்பரில் இரண்டும் தானாகவே கன்றுக்குச் சாதகமாக இருக்கின்றன. தண்ணீரால் கிடைக்கும் அந்த உதவி ஜூனில்தான் பெரிது.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே இடத்தில் முடிவாகிறது: தோல் வரை காய்கிறதா இல்லையா. நன்றாக வளர்ந்த, காய்ந்த குளிர்கால முடியுள்ள மாடு சுமார் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை உடல் சூட்டுக்கென்று கூடுதல் தீனி கேட்காது. அதே மாட்டின் முடி நனைந்திருந்தால் அந்த எல்லை 15 டிகிரிக்கு ஏறிவிடும். முடிகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் போர்வை; ஈரம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எல்லைக்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் தீனியின் எரிசக்தித் தேவை ஏறக்குறைய 2 சதவீதம் கூடும் என்பது பொதுக் கணக்கு. எடை ஏற வேண்டிய கன்று தின்றதையெல்லாம் நடுக்கத்துக்குச் செலவழித்தால் என்ன முடி வளர்ந்து என்ன பயன்?

மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் வழக்கமான சறுக்கல். நெஞ்சுப்பகுதி, முன்னங்கால் அக்குள், விலாவுக்குப் பின்னால் உள்ள மடிப்பு, அடிவயிறு, பின்தொடைகளின் நடுவே என ஐந்து இடங்களிலும் முடியைப் பிரித்து, கையுறை இல்லாத விரலால் தோலைத் தொட வேண்டும். நீள முடிக் கன்றை அந்த அளவுக்குக் காயவைக்க இரண்டு மோட்டார் புளோயருக்கே ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அவ்வளவு நேரமும் அது இழுக்கும் மின்சாரத்துக்குத் தனி சர்க்யூட் வேண்டும். ஹீட்டரையும் அதே லைனில் மாட்டினால் பிரேக்கர் விழும், கன்று பாதி ஈரத்தில் நிற்கும். கழுவும் இடத்தில் சிமென்ட் தரை பனிக்கட்டியாகிக் கன்று வழுக்குவதும், வடிக்காமல் விட்ட ஹோஸ் உறைந்து வெடிப்பதும் தனி.

உலர் முறை இப்படி: முதலில் 10 நிமிடம் வெறும் புளோயர். தோளில் தொடங்கிப் பின்புறமாக நகர்ந்தால் தூசி முன்னால் திரும்பி வராது. பிறகு ரைஸ் ரூட் பிரஷ்ஷால் (வேர்நாரால் செய்த விறைப்பான பிரஷ்) முடியை முன்னோக்கித் தூக்கித் தேய்க்க வேண்டும். தோலின் எண்ணெய் முடி நுனி வரை பரவுவது இதில்தான். அடுத்து, தண்ணீரில் கொஞ்சம் கண்டிஷனர் கலந்து, முடியின் மேற்பாதி மட்டும் நனையும்படி பனிபோலத் தெளிக்க வேண்டும். சொட்டினால் அளவு மீறிவிட்டது. ஸ்காட்ச் சீப்பால் (மாட்டு முடிக்கான உலோகப் பல் சீப்பு) முன்னும் மேலுமாகச் சீவி, அதே திசையில் புளோயர் காட்டினால் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். முடியைப் பழக்கும் வேலைக்கு இந்த அளவு ஈரமே பெரும்பாலும் போதும். முழு அலசலில் கிடைக்கும் பலன் கொஞ்சம் கூடுதல்தான், மறுக்கவில்லை. எவ்வளவு கூடுதல் என்பது கன்றுக்குக் கன்று மாறும்.

இதிலும் கெடுக்க வழிகள் உண்டு. பற்கள் நெருக்கமான சீப்பைக் காய்ந்த முடியில் அழுத்தி இழுத்தால் அடிமுடி கொத்தாக வந்துவிடும். உங்களுக்கு வேண்டியதே அந்த அடிமுடிதான். காய்ந்த சாணிக் கட்டியை உடைத்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நுனியிலிருந்து மேல்நோக்கிப் பிரிக்க வேண்டும். பளபளப்புக்காக எண்ணெய் ஸ்பிரேயைத் தினமும் அடித்தால் தூசி ஒட்டி, தோலில் அழுக்குப் படியும். படுக்கை சுத்தமாக இல்லாத கொட்டகையில் உலர் முறை வேலைக்கே ஆகாது. வைக்கோலைத் தினமும் மாற்ற முடியாதவர்கள் அலசித்தான் ஆக வேண்டும்.

எந்த முறையானாலும் சோப்பு வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் தோல் எண்ணெயைச் சுத்தமாக வழித்துவிடும். பொடுகும் முறியும் முடியும்தான் மிச்சம். சோப்பு மிச்சம் நின்றாலும் பொடுகு போலத்தான் தெரியும், அதனால் வடியும் தண்ணீர் தெளியும் வரை அலசுங்கள்.

இராத்திரி கொட்டகை விளக்கைத் தொடர்ந்து எரியவிட்டால் பகல் நீண்டதாக உடல் எடுத்துக்கொண்டு முடி உதிரத் தொடங்கும். கருப்புக் கன்றின் முடி செம்பட்டையடித்தால் தாமிரச் சத்தைப் பாருங்கள். பேனும் படர்தாமரையும் குளிர்காலத்தில்தான் பெருகும். ஒரு கன்றின் பிரஷ் இன்னொன்றுக்குப் போகக் கூடாது, படர்தாமரை உங்கள் கைக்கும் வரும். பேன் மருந்துகளில் பல முட்டையைக் கொல்லாதவை, எனவே லேபிளில் சொன்ன இடைவெளியில் இரண்டாம் முறையும் போட வேண்டும். இறைச்சிக்குப் போகும் ஸ்டீர் என்றால் மருந்துக்குப் பிறகு காத்திருக்க வேண்டிய நாள்கணக்கையும் அதிலேயே பாருங்கள்.

சூடேற்றிய அறையும் தனி மின் இணைப்பும் வைத்திருப்பவர்கள் தினமும் அலசட்டும், அங்கே அதுதான் ஒரு படி மேல். மற்றவர்களுக்கு உறைநிலைக்கு மேலே போகும், காற்றில்லாத மதியம் குளியலுக்கு ஏற்றது. தோல் வரை காயவைத்த பிறகே வெளியே விடுங்கள். காட்சிக்கு முந்தைய நாள் மட்டும் விதிவிலக்கு: எண்ணெய்ப் பசை இருந்தால், கன்றின் கால்களில் முடியை நிமிர்த்தி நிறுத்தப் போடும் ஒட்டுப்பசை பிடிக்காது, அன்று வானிலை எப்படி இருந்தாலும் சோப்புக் குளியல் உண்டு.