பெருவா, பொலிவியாவா?

ஆண்டீஸ் மலைநாடுகளில் ஒன்றுக்குத்தான் போக முடியும், எதற்குப் போவது என்று குழம்புபவர்களுக்காக.

உயரம்: பெருவில் கடலோர லிமாவில் இறங்கி, மெல்ல மெல்ல 3,400 மீட்டரில் இருக்கும் குஸ்கோவுக்கு ஏறலாம். பொலிவியாவில் லா பாஸ் விமான நிலையமே 4,000 மீட்டருக்கு மேல். பெட்டியைத் தூக்கி நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். கோகா இலைத் தேநீர் கொடுப்பார்கள். கூடவே ஒருநாள் ஓய்வும் வேண்டும்.

காட்சி: பெருவுக்கு மச்சு பிச்சு, இன்கா மக்களின் பழைய மலைநகரம். சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர்கள், ஆனால் கூட்டம் நெரியும். பொலிவியாவுக்கு ஊயூனி உப்புவெளி, 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஜனவரி, பிப்ரவரி மழையில் மெல்லிய நீர் தேங்கினால் மேகம் காலடியில் கிடக்கும். என் ஓட்டு இதற்குத்தான்.

சாப்பாடு: பெருவில் செவிச்சே. அடுப்பே வேண்டாம், எலுமிச்சைச் சாற்றிலேயே மீன் வெளுத்துவிடும். 1879-இல் தொடங்கிய போரில் சிலியிடம் கடற்கரையை இழந்த பொலிவியாவில் சால்ட்டேன்யா: நம் சோமாசி வடிவம், உள்ளே இறைச்சிக் குழம்பு. ஓரத்தைக் கடித்து முதலில் உறிஞ்சுங்கள், இல்லையென்றால் சட்டை போச்சு.

மொழி: இரண்டிலும் ஸ்பானிஷ், கெச்சுவா, அய்மாரா. பொலிவியா அரசியலமைப்பு 36 பழங்குடி மொழிகளையும் ஆட்சிமொழியாக ஏற்கிறது.

செலவு: பொதுவாகப் பொலிவியாவில் குறைவு.

வயதான பெற்றோரோடு போனால் பெரு. முதுகுப்பையோடு தனியாகப் போனால் பொலிவியா. டிட்டிகாகா ஏரி இரண்டுக்கும் பொது, எங்கிருந்தும் பார்க்கலாம்.