தண்ணீர்ப் பில்லை யார் எழுத வேண்டும்: அமைச்சரா, கம்பனியா, ஆணைக்குழுவா?

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்தபிறகு யாழ்ப்பாணத்தில் தண்ணீர்க் கதை எடுத்தால் "எங்கட ரோட்டுக்கு லைன் எப்ப வரும்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்தத் தண்ணீருக்கு விலை வைக்கிறது யார் என்று கேட்பவர்கள் குறைவு.

இப்போது நடப்பது இதுதான்: தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கேட்கும், அமைச்சரவை ஓமென்றால் வர்த்தமானியில் வரும். 2012க்குப் பிறகு 2022 செப்டெம்பர் வரை கட்டணம் அசையவில்லை. பத்து வருஷம் கூட்டவில்லையே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் செலவு ஏறிக்கொண்டுதான் இருந்தது, கடைசியில் 2022இலும் 2023இலும் அடுத்தடுத்துத் தலையில் இறங்கியது, 2024இல் கொஞ்சம் குறைத்தார்கள். தேர்தல் வருஷத்தில் எந்த அமைச்சர் விலை கூட்டுவார்?

சரி, தனியாரிடம் கொடுத்துவிட்டு மேலே ஒரு கண்காணிப்பாளரை வைத்தால்? இங்கிலாந்து 1989இல் அதைத்தான் செய்தது. ஒஃப்வாட் என்ற அமைப்பு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை கம்பனிகளின் திட்டத்தைப் பார்த்து, சனத்திடம் இவ்வளவுதான் வாங்கலாம் என்று எல்லை போடும். கடனில்லாமல் கையளித்த கம்பனிகளுக்கு இன்று 60 பில்லியன் பவுணுக்கு மேல் கடன். 2024 டிசெம்பரில், பணவீக்கம் சேர்க்காமலே, ஐந்து வருஷத்தில் சராசரியாக 36 வீதம் கூட்ட அனுமதி கொடுத்தார்கள் (லண்டனில் இருக்கிற சொந்தக்காரரைக் கேட்டால் மிச்சம் சொல்வார்கள்). அடுத்த மே மாதம் லண்டனுக்குத் தண்ணீர் கொடுக்கும் தேம்ஸ் வோட்டர் கம்பனிக்குக் கிட்டத்தட்ட 123 மில்லியன் பவுண் தண்டம். ஜூலையில் ஒஃப்வாட்டையே கலைக்கப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. பில்லைப் பார்த்தவர்கள் கடனையும் பங்குலாபத்தையும் போதியளவு பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

ஸ்கொட்லாந்து வேறு மாதிரி. தண்ணீர் நிறுவனம் அரசாங்கத்தினுடையது, கட்டண எல்லையை வைப்பது தனி ஆணைக்குழு. பங்குதாரர் இல்லை, ஆகவே பங்குலாபமும் இல்லை.

எனக்குப் பிடித்தது இதுதான், அதுவும் இங்கே பாதி வழி ஏற்கனவே போட்டாயிற்று. 2002ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு தண்ணீரையும் பார்க்கும் என்றுதான் எண்ணம், ஆனால் அதற்கு வேண்டிய தண்ணீர்ச் சட்டம் நிறைவேறவேயில்லை. மின்சாரத்தில் அது என்ன செய்ததென்று பாருங்கள்: 2025 ஜனவரியில் மாற்றம் வேண்டாமென்றது மின்சார சபை, ஆணைக்குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டுவிட்டு 20 வீதம் குறைத்தது. அதற்காக அதைக் கோயிலில் வைக்கவும் தேவையில்லை. கட்டணச் சண்டையில் அதன் தலைவரைப் பாராளுமன்றம் 2023இல் தூக்கியெறிந்ததையும் பார்த்தோம். இதில் ஒரு வேடிக்கை: கடல்நீரில் ஒரு யூனிட் (ஆயிரம் லீற்றர்) நன்னீர் எடுக்க மூன்று நான்கு யூனிட் கரண்ட் வேண்டும். அந்தக் கரண்டின் விலையை வெளியே வாதாடலாம், தண்ணீரின் விலையை வர்த்தமானியில்தான் பார்க்கலாம்.

ஆனால் ஸ்கொட்லாந்துக் கணக்கை அப்படியே இங்கே இறக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு வருஷம் முழுக்க ஓடும் ஆறில்லை, சுண்ணாம்புக்கல்லின் கீழே நிற்கும் தண்ணீர்தான் எல்லாம். இரண்டு பரப்புக் காணியில் ஒரு மூலையில் கிணறு, மற்ற மூலையில் கக்கூசுக் குழி, பக்கத்து வளவிலும் அதே மாதிரி. குழியில் ஊறுவது கல்லின் வெடிப்பு வழியே கிணற்றுக்கு வரும். கிணறு இருக்கிறவர் குளிக்க, துவைக்க அதையே இறைப்பார், குடிக்க மட்டும் பைப்பைத் திறப்பார், ஆக விற்கிற யூனிட் குறையும், நிலையான கட்டணம்தான் கனக்கும். மலக்கழிவோ எந்தக் கட்டணக் கணக்கிலும் இல்லை. குழி நிரம்பினால் பவுசருக்குச் சொல்லி, கேட்டதைக் கொடுத்து அனுப்புகிறோம், அது எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று யார் கேட்கிறோம்?

ஆகவே ஆணைக்குழுவுக்குத் தண்ணீரைக் கொடுக்கும்போது பவுசரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். குழி எடுக்கிற காசை மாதாமாதம் பில்லில் சிறு தொகையாக வாங்கி, குறித்த வருஷத்துக்கு ஒருமுறை அவர்களே வந்து எடுத்து, சுத்திகரிக்கும் இடத்தில் கொட்டியதற்குப் பதிவும் காட்டட்டும். அதற்கென்றால் கொஞ்சம் கூடக் கேட்டாலும் நான் கட்டுவேன்.