பெயர் இல்லாத ரோஸ் அரிசி: முயல் கூட்டுக்கு எலி மருந்து வைக்க ஆள் கூப்பிட முன்னம் வாசியுங்கள்

ரோஸ் சாயம் ஏற்றிய அரிசியைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு, எலித் தொல்லையை ஒரேயடியாக முடித்துத் தருகிறோம் என்று மட்டக்களப்பில் வீடு வீடாக வேலை பிடிக்கிறார்கள். அப்படி வந்த ஒருவருக்கு நான் 24,500 ரூபா கொடுத்தேன். முயல் ஒன்றும் பூனை ஒன்றும் செத்துப்போயின. எலி இன்னும் இருக்கிறது. முயலோ கோழியோ வளர்க்கிற வீட்டுக்காரர் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள்.

எங்கள் வளவு வவுணதீவுப் பக்கம், வயல் வட்டை ஓரம். குசினிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் மகனின் முயல் கூடு. ஒரு ஆண், வெள்ளச்சி, புள்ளி என்று இரண்டு பெண். பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு வயல் எலியெல்லாம் ஊருக்குள் ஏறும் என்பது வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தின்ன நெல் இல்லை, ஒளிக்க வரம்பில் புல் இல்லை என்றதும் அவை நேரே வளவுகளுக்குத்தான் வரும். இந்த முறை எங்கள் முயல் கூட்டைக் கண்டுபிடித்துவிட்டன. கூட்டுக்கு அடியில் சிந்திக் கிடந்த தீனும், பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த பொச்சுமட்டையும் அவற்றுக்குச் சாப்பாடும் வீடுமாகப் போயிற்று.

வெள்ளச்சி அப்போதுதான் ஆறு குட்டி போட்டிருந்தாள். முயல் குட்டி பிறக்கும்போது உடம்பில் மயிர் இராது, கண் திறக்கப் பத்து நாள் ஆகும். தாய் முயல் கோழி மாதிரி குட்டியை மூடிப் படுத்திருக்காது. நாளுக்கு ஒரு தரம், மிஞ்சினால் இரண்டு தரம் வந்து சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். மிச்ச நேரமெல்லாம் குட்டிகள் தனியே. நான்காம் நாள் விடிய மகன் போய்ப் பெட்டியைத் திறந்தான். இரண்டு குட்டிதான் இருந்தது. ஒன்றின் பின்னங்காலில் பாதம் இல்லை. அதுவும் மத்தியானத்துக்குள் போய்விட்டது. பிள்ளை அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்தப் பதற்றத்தில்தான் ஆள் தேடினேன். தெரிந்த ஒருவர் போன் நம்பர் தந்தார். அடுத்த நாளே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பேச்சு சுத்தம். கூட்டைச் சுற்றி நடந்து பார்த்தார், குனிந்து பொந்துகளைப் பார்த்தார், போனில் படம் எடுத்தார்.

“அக்கா, நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க. வலை அடிச்சு, மெசின் பூட்டி, மருந்தும் வச்சுத் தாறன். ஆறு மாசம் கரன்டி. ஒரு எலி வந்தாலும் கோல் எடுங்க, நான் வந்து நிப்பன்.”

முற்பணம் 15,000. வேலை முடிய 9,500. பில் கேட்டேன். “புத்தகம் முடிஞ்சுபோச்சு அக்கா, பிறகு கொண்டு வாறன்” என்றார். அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

செய்த வேலை மூன்று. கூட்டைச் சுற்றிக் கோழி வலை அடித்தார். குசினிச் சுவரில் இரண்டு சின்ன மெசின் செருகினார். காதுக்குக் கேட்காத சத்தம் போட்டு எலியை விரட்டுமாம். கடைசியில் அந்த அரிசி. ஏழு சிரட்டையில் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு, கூட்டுக்கு அடியிலும் மரத்தடியிலும் விறகுக் குவியல் ஓரத்திலும் வைத்தார். பையில் ஒரு எழுத்து இல்லை. வெறும் பொலித்தீன், வாயில் ரப்பர் பேண்ட்.

“இத முயல் திண்டால்?”

“முயலுக்கு ஒண்டும் செய்யாது அக்கா. இது எலிக்கு மட்டும் வேலை செய்யிற மருந்து.”

“பேர் என்ன தம்பி?”

“கம்பனி மருந்து. நாங்களே கலக்குறது.”

இந்த இரண்டு பதிலும் பொய். எலிக்கு மட்டும் வேலை செய்து முயலையோ பூனையையோ பிள்ளையையோ விட்டுவிடுகிற எலி நஞ்சு கிடையாது. இப்போது கடைகளில் கிடைக்கிற எலி மருந்துகளில் பெரும்பாலானவை இரத்தம் உறைவதைத் தடுக்கிறவை. புரோமடியலோன், புரோடிபாக்கம் என்று பெயர் போட்டிருக்கும். உடம்புக்குள் வைட்டமின் கே திரும்பத் திரும்பப் பயன்படுவதை இவை மறித்துவிடும். கையிருப்பு தீர்ந்ததும் உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். எலிக்கும் அப்படித்தான், முயலுக்கும் அப்படித்தான், நமக்கும் அப்படித்தான். தின்ற அன்றே ஒன்றும் தெரியாது. எலி சாக மூன்று நாளிலிருந்து ஒரு கிழமை வரை எடுக்கும். அதுவரை உடம்பில் நஞ்சோடு தள்ளாடித் திரியும். அதைப் பூனை பிடித்துத் தின்றால் பூனைக்கும் அதே கதி. வயலில் எலி பிடிக்கிற ஆந்தைக்கும் அதே கதி.

முயல் கூட்டுக்குள்தான் கதவு இருக்கிறதே, வெளியே வைத்த அரிசியை முயல் எப்படித் தின்னும் என்று நானும் நினைத்தேன். எலி எல்லாவற்றையும் வைத்த இடத்திலேயே தின்பதில்லை. கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தான் பத்திரம் என்று நினைக்கிற இடத்தில் சேர்த்து வைக்கும். ஐந்தாம் நாள் கூட்டைத் துப்புரவாக்கும்போது, புல்லுப் படுக்கையை விலக்கினால் மூலையில் ஒரு சின்னக் குவியல், ரோஸ் நிறத்தில். பக்கத்திலேயே எலிப் புழுக்கை. வலை அடித்து ஐந்து நாள்கூட ஆகவில்லை, எலி உள்ளே வந்து அரிசி சேமித்திருக்கிறது.

அதற்கு முதல் நாளே புள்ளியின் மூத்திரம் சிவப்பாக இருந்தது. முயல் மூத்திரம் தின்கிற இலைதழையைப் பொறுத்துச் சில நாள் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் போகிறதுதான். அது நோய் இல்லை. அதனால் நான் கவனிக்காமல் விட்டேன். முயல் வளர்க்கிறவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: வளவில் எலி மருந்து வைத்திருக்கும் நாட்களில் சிவப்பு மூத்திரத்தை இலைச் சாயம் என்று விடக்கூடாது. உதட்டை விலக்கிப் பல் முரசைப் பாருங்கள். வெளிறியிருந்தால் அது இரத்தம். ஆறாம் நாள் காலை புள்ளியின் மூக்கில் கசிவு. முன்னங்கால் இரண்டிலும் இரத்தம் தேய்ந்திருந்தது. முயல் முன்னங்காலால்தானே முகம் கழுவும், துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறது பாவம். அன்றே பூனையும் விறகுக் குவியலுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது.

புள்ளியையும் வெள்ளச்சியையும் கூடையில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் ஓடினோம். அவர் கேட்ட முதல் கேள்வி: “பக்கற் கொண்டு வந்தீங்களா? மருந்திட பேர் என்ன?”

அங்கே நின்றே அந்த ஆளுக்குப் போன் எடுத்தேன். “முதலாளிட்டக் கேட்டுச் சொல்றன் அக்கா” என்றார். திரும்ப எடுத்தால் மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாம் தரம் போன் நிறுத்தி வைத்திருந்தது.

பெயர் ஏன் முக்கியம் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். சிங்க் பொஸ்பைட் என்று ஒரு மருந்து உண்டு. அது வயிற்றுக்குள் போய் நச்சு வாயுவாக மாறும், மணித்தியாலக் கணக்கில் கொல்லும், அதற்கு மாற்று மருந்து இல்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கிற மருந்து என்றால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றப் பார்க்கலாம். நாட்கள் கழித்து இரத்தக் கசிவு தொடங்கியதை வைத்து இது இரண்டாவது வகை என்று ஊகித்துத்தான் அவர் ஊசி போட்டார். புள்ளி அன்று இரவு போய்விட்டாள். வெள்ளச்சி கொஞ்சமாகத் தின்றிருக்க வேண்டும், அவளுக்கு நான்கு கிழமை கே1 கொடுத்துத்தான் மீட்டோம். இந்த மருந்துகள் உடம்பில் நீண்ட நாள் தங்கும். இரண்டு நாளில் தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் திரும்பக் கசியும்.

தின்றது என் மகனாக இருந்திருந்தால் ஆஸ்பத்திரியிலும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. எலி மருந்தும் அதற்குள் வரும். பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதியாத மருந்தை விற்க முடியாது. பதிந்த மருந்தின் லேபலில் மூன்று மொழியிலும் விபரம் இருக்கும், என்ன நஞ்சு, எவ்வளவு வீதம் என்று. ஆகவே யாராவது மருந்து வைக்க வந்தால் முதலில் பக்கற்றைக் கையில் வாங்கிப் போனில் படம் எடுங்கள். தரமாட்டேன் என்றால் கடப்படியிலேயே நிற்கச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இனி அந்த வலை. கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான், எலியை வெளியே வைக்க இல்லை. ஆறு மூலைக் கண், ஒரு அங்குலம். உங்கள் கட்டைவிரல் போகிற ஓட்டையால் வளர்ந்த எலியே போய்விடும், இளம் எலிக்கு அதுவும் தேவையில்லை. கம்பியும் மெல்லிசு. கீழ்ப் பக்கம் ஓரிடத்தில் கம்பியைக் கடித்து, கண்களை வளைத்து, கோழிமுட்டை போகிற அளவு வாசல் செய்திருந்தன. போதாததற்கு வலையை மரத்தில் ஸ்டேப்ளர் ஊசியால் அடித்திருந்தார், நான் இரண்டு விரலால் இழுக்கக் கழன்று வந்தது. மெசினைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இப்படிப்பட்ட மெசின் செய்து விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு 2001இலேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது, சொல்கிற பலனுக்கு ஆதாரம் காட்டு என்று. எங்கள் வீட்டில் மெசினுக்குப் பக்கத்திலேயே புழுக்கை கிடந்தது.

ஆறு மாசக் கரன்டி என்ற சொல்லில்தான் பெரிய பொறி இருக்கிறது, இதைக் கவனியுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வதென்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி சேவை தந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்த ஆள் எனக்குச் செய்தது என்ன? இடைக்கிடை வேறு நம்பரிலிருந்து எடுத்து, “அடுத்த கிழமை வாறன் அக்கா, காசு திருப்பித் தாறன்” என்று நாளை இழுத்தார். ஆறு மாதம் இருக்கிறதுதானே என்று நானும் பொறுத்தேன். மூன்று மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போதுதான் பக்கத்து வளவு அக்காவின் மகள் இந்தச் சட்டத்தைச் சொன்னாள். ஓடிப்போய் எழுதிக் கொடுத்தேன். பில் இல்லாததால் போன் செய்திகள், காசு அனுப்பிய பதிவு, வலையின் படம், வைத்தியரின் துண்டு எல்லாம் இணைத்தேன். 1977 என்பது அவர்களுடைய போன் இலக்கம். காசை ரொக்கமாகக் கையில் கொடுக்காதீர்கள், வங்கியால் அனுப்பினால் அந்தப் பதிவாவது மிஞ்சும்.

கடைசியில் கூட்டைத் திருத்தித் தந்தது எங்கள் பெரியப்பாதான். கூட்டை வந்து பார்த்துவிட்டு, “தென்னைக்குத் தகரம் அடிக்கிறமே மனே, இதுக்கும் அதுதான்” என்றார். கூட்டை மூன்றடிக் காலில் தூக்கி, ஒவ்வொரு காலுக்கும் வழுக்குகிற தகரத்தை ஒரு அடி அகலத்துக்குச் சுற்றி அடித்தோம். எலி இரண்டரை அடி வரை மேலே பாயும், அதனால் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. கூட்டின் மேல் தொங்கிய வேப்பங்கொப்பை வெட்டினோம், சுவரிலிருந்து நான்கடிக்கு அப்பால் தள்ளினோம். கோழி வலையைக் கழற்றி எறிந்துவிட்டு, அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்ட் வலையைச் சட்டம் வைத்து ஆணியால் இறுக்கினோம். ஹாட்வெயாரில் கேட்கும்போது கேஜ் இலக்கம் கூடக்கூடக் கம்பி மெலியும் என்பதை மறக்காதீர்கள், நாங்கள் 16 எடுத்தோம். சுண்டெலித் தொல்லை என்றால் கால் அங்குலக் கண் வேண்டும்.

இதைவிடப் பெரிய வேலை சாப்பாட்டை நிறுத்துவது. தீனை மூடியுள்ள தகர வாளியில் வைக்கிறோம். பிளாஸ்டிக் வாளியைக் கடித்துவிடும். பொழுதுபட்டதும் தீன் தட்டை எடுத்துவிட்டு இரவுக்குப் புல்லும் முருங்கை இலையும் மட்டும். பொச்சுமட்டையும் விறகும் வளவின் மறு கோடிக்குப் போய்விட்டன. நஞ்சு அறவே இல்லை. அடிபொறியை மரப்பெட்டிக்குள் வைத்து எலி மட்டும் நுழைய ஓட்டை விட்டு, சுட்ட தேங்காய்ச் சொட்டு குத்துகிறோம். புதுச் சாமானை எலி லேசில் நம்பாது. முதல் நான்கு நாள் பொறியை ஏற்றாமல் சொட்டை மட்டும் தின்ன விட்டோம். ஐந்தாம் இரவு ஏற்றினோம், விடிய இரண்டு.

புழுக்கையை உலர்ந்தபடி விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். பிளீச் கலந்த தண்ணீரால் நனைத்து, கையுறை போட்டு அள்ளுங்கள், காலில் செருப்பு இருக்கட்டும். எலி மூத்திரம் பட்ட ஈரத்தில் வெடிப்புக் காலோடு நின்றால் எலிக்காய்ச்சல் வரும் என்று சொல்லித்தானே வெள்ளாமைக்காரருக்கு பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாத்திரை கொடுக்கிறார். வளவுக்குள்ளும் அதே மூத்திரம்தான்.

அந்த ஆள் இன்னும் வேலை பிடிக்கிறார் என்று கேள்வி. அவர் வைத்துவிட்டுப் போன அரிசி உங்கள் வளவிலும் கிடந்தால் இன்றைக்கே பொறுக்கி எடுங்கள். கையுறையோடு, எத்தனை இடத்தில் வைத்தார் என்று எண்ணிப் பார்த்து, மூடியுள்ள போத்தலில் போட்டு, மேலே நஞ்சு என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். கிணற்றடியிலோ வாவிக்கரையிலோ கொட்டாதீர்கள். முயல் கூட்டின் படுக்கையைப் புரட்டி மூலைகளையும் பாருங்கள். சிரட்டைகளையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வளவில் ஏழு வைத்தார், நான் ஆறுதான் எடுத்திருந்தேன். ஏழாவதை இரண்டு கிழமை கழித்து மாமரத்தடியில் கண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதில் மண்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.